சட்டிக்குப் போன மீன்

சமையல்காரன் காய்ச்சலோடு பாதி வழியில் இறங்கிவிட்டதால்தான் அந்த ஆராய்ச்சிப் படகுக்கு வல்தேனோரா கிடைத்தாள். ஜப்புரா ஆற்றில், மராஆ ஊர்ப் படித்துறையில் படகு நின்றிருந்த காலை, இடுப்பில் பெரிய சட்டியோடு வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா பிஸ்கட்தான் தின்னுறீங்களாமே? வெளிய சொல்லிராதீங்க, மீனெல்லாம் சிரிக்கும்."

மீன் ஆராய்ச்சியாளர் எவால்டோ அந்த நொடியே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஐந்து நாள் ஆற்றில் மேல்நோக்கிப் போனார்கள். வெள்ளம் ஏறிய காட்டில் மரங்கள் கழுத்தளவு நீரில் நின்றன. கிளைகளுக்குள் படகு நுழைந்தால் குரங்குகள் மேலிருந்து கொட்டை எறியும். எதைப் பார்த்தாலும் எவால்டோ நோட்டில் எழுதுவார். எதைப் பார்த்தாலும் வல்தேனோரா, இதற்கு எலுமிச்சை போதுமா என்று யோசிப்பாள்.

ஆறாம் நாள் காலை அந்த மீன் வலையில் விழுந்தது. உள்ளங்கை அகலம், வாலோரத்தில் செங்கோடு. மூன்று வருடமாக எவால்டோ தேடி அலைந்தது. இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்று அவர் நம்பினார். நிரூபிக்க மீன் முழுசாக வேண்டும். சேறு போகக் கழுவி ஒரு பாத்திரத்தில் வைத்துவிட்டு, அதைப் பதப்படுத்தும் ஜாடியை எடுக்கக் கீழே போனார். அங்கே என்ஜின் மக்கர் செய்தது. படகோட்டி அபீலியோவுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஆற்றில், கழுவிப் பாத்திரத்தில் வைத்த மீனுக்கு ஒரே அர்த்தம்தான்.

மத்தியானம் எவால்டோ பொரித்த மீன்மேல் மரவள்ளிப் பொரிமாவைத் தூவி முள்ளைக்கூட உறிஞ்சினார்.

"என்ன ருசி அக்கா! இது என்ன மீனு?"

"என்னையக் கேக்குறீங்க? நீங்கதானே கழுவி வெச்சீங்க!"

எவால்டோவின் கை வாயருகே நின்றது. அவர் திட்டவில்லை. தட்டை ஓரம் வைத்துவிட்டு, முன்தளத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் வல்தேனோராவுக்குத் தேவலை என்றிருக்கும். அவள் கைபட்ட மீன் வீண் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"தண்ணி எறங்குது," என்றான் அபீலியோ. "விடிஞ்சதும் கெளம்பலேன்னா படகு தரைதட்டிரும்."

வல்தேனோரா சின்ன ஓடத்தை அவிழ்த்தாள்.

"எந்திரிங்க டாக்டரே. நான் பொரிச்ச மீனு, நானே புடிச்சுத் தர்றேன்."

"மூணு வருஷமா வலை போட்டிருக்கேன்க்கா."

"வலை எதுக்கு? அறுத்தப்ப வயித்துல ஜவாரிப் பனம்பழமாக் கெடந்துச்சு. அந்தப் பனைக்கு அடியில, பழம் எப்ப விழும்னு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும் அது."

மூழ்கிய பனைகளுக்கு நடுவே ஓடத்தை நிறுத்தினாள். ஒரு கழியின் கயிற்றில் கெட்டிக் கொட்டை. இன்னொன்றில் பழம் குத்திய தூண்டில். கொட்டையால் தண்ணீரை அடித்தாள். டொப். கொஞ்சம் பொறுத்து மறுபடி, டொப். அசல் பழம் விழுகிற சத்தம்.

"அக்கா, இந்த உத்தி..."

"வாய மூடுங்க. பழம் எங்கயாவது பேசுமா?"

முதலில் வந்தது கொழுத்த பக்கு மீன். "இது ராத்திரிச் சாப்பாடு," என்று கூடையில் போட்டாள். இரண்டாவதும் அதேதான். வெயில் சாய்ந்தது. அவள் தோள் கடுத்தது, அடி மட்டும் பிசகவில்லை. டொப். கயிறு வெடுக்கென்று இழுபட்டது. தூக்கியதும் செங்கோட்டு வால் துள்ளியது.

எவால்டோ எழுந்து கத்தியதில் ஓடமே கவிழப் பார்த்தது. மீனை நீட்டப் போனவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இப்பவே சொல்லிருங்க. சட்டிக்கா, ஜாடிக்கா?"

"ஜாடிக்கு அக்கா, ஜாடிக்கு!"

இருட்டுவதற்குள் இன்னும் மூன்று பிடித்தாள். நோட்டில் பிடித்தவர் பெயர் எழுதும் இடத்தில் எவால்டோ அவள் முழுப் பெயரை எழுதினார்.

"ருசியையும் எழுதுங்க. தின்னது நீங்க ஒருத்தர்தான்."

அதையும் எழுதினார்: 'மிக நன்று.'

வல்தேனோராவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. மராஆவில்தான் இருக்கிறாள். வெள்ளக் காலத்தில் அதே படகில் மீன் பிடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போகிறாள். சமையல் அபீலியோ பொறுப்பு.