கொட்டாஞ்சேனையில் கேட்ட நான்காவது குரல்

இது உண்மையில் நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். யாருடனும் வாதாடுகிற தெம்பு அருந்ததிக்கு அன்றைக்கும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

1996 யூன், போர்க்காலத்து ஒரு புதன்கிழமை. வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து அலுத்துப்போன அருந்ததி, மூன்று சோதனைச்சாவடிகளில் கைப்பையைக் கொட்டிக் காட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் 2.10. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு, நானூறு வருடப் பழைய ஐரோப்பிய நடன இசையை, மூல அச்சுப் பிரதியிலிருந்து படியெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போடவேண்டும். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க இதே சாவடிகள்தான்.

தேவாலயத்தில் ஓர்கன் வாசித்து ஓய்ந்த கிளறன்ஸிடம் அந்தப் பிரதி இருந்தது. இத்தாலியப் பாதிரியார் ஒருவர் அவருடைய பாட்டனாரிடம் விட்டுப்போனது. அந்தக் காலத்தில், சேர்ந்தொலிக்கும் நான்கு குரல்களையும் ஒரே தாளில் அச்சிடுவதில்லை. குரலுக்கொரு சின்னப் புத்தகம். நான்கும் சேர்ந்தால்தான் நடனம்.

"கரண்ட் இல்லை, போட்டோக்கொப்பி எடுக்கேலாது. இருந்து எழுதும், பிள்ளை. நான் பேக்கரி வரிசையில நிண்டு பாண் வாங்கியாறன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மேசையில் நான்கு கறுப்புப் புத்தகங்கள். மூன்றில் இசை இருந்தது. நான்காவதைத் திறந்தாள்... தமிழ்ச் செபப்புத்தகம். முதல் தாளில் 'றஞ்சிதம்' என்ற பெயர். தெனர் என்கிற நடுக்குரலைக் காணவில்லை. வந்த அலைச்சல் வீணாகக் கூடாதென்று மூன்றையும் எழுதத் தொடங்கினாள்.

3.25. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மெட்டொன்றை முனகியது.

வீட்டுக்காரியாக்கும் என்று நினைத்தாள். பிறகுதான் பேனை நின்றது. அந்த முனகல் மற்ற மூன்று குரல்களுக்கும் நடுவில் அச்சொட்டாகப் பொருந்தியது.

களைத்துப்போனவர்களுக்குப் பயமும் பிந்தித்தான் வரும். கேட்டதை அப்படியே எழுதினாள்.

இடையில் தாள் புரளும் சத்தம்... ஈரத் தாள்.

இரண்டாவது தாளில் நான்கு சுரங்களுக்குச் சத்தமே இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

3.40. குரல் நின்றது.

திரையை விலக்கினாள்.

யாரும் இல்லை...

கிளறன்ஸ் பாணோடு வந்தார்.

"உள்ளுக்கு ஆர் அங்கிள் பாடினது?"

"ஒருத்தரும் இல்லையே. றஞ்சிதம் செத்து ஏழு வருசம்."

அவள் செபப்புத்தகத்தை நீட்டினாள். மனைவியின் பெயரைப் பார்த்த கிளறன்ஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதைத்தானே சவப்பெட்டியில அவவின்ர கையில வைச்சனான்... ஊரடங்கு. அவசரம். கரண்டும் இல்லை. தடவித்தான் எடுத்தனான். எல்லாம் ஒரே கடையில ஒரே மாதிரி அட்டை கட்டின புத்தகம்..."

அருந்ததி எழுதிய தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அருந்ததிக்கு இடம் கிடைத்தது. கிடைத்த முதல் விமானத்திலேயே ஓடினாள்.

இரண்டு வருடத்தில் கிளறன்ஸும் போய்ச் சேர்ந்தார். மனைவியின் குழியிலேயே அவரையும் அடக்கம் செய்யத் தோண்டியபோது, ஒரு கறுப்புப் புத்தகம் அகப்பட்டது. மகள் மாக்ரெட் தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்பினாள். அருந்ததி அன்று எழுதிய முதல் படியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

இரண்டாவது தாளில் மட்டும் கறையான் தின்ற ஓட்டை.

சரியாக நான்கு சுரங்கள்.