யோசனை என்ற சொல்லும் மதாம் பிலோமினும்

மதாம் பிலோமின் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடையில் ஒருவருக்குக் கொழும்புக்கு விமானச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதாம் படிக்க வைத்த பிள்ளை அபிராமிதான் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, மதாம் மோசம் போயிட்டா. இப்பதான் ஆசுப்பத்திரியிலை இருந்து சொன்னவை" என்றாள். எதிரே இருந்தவர் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்லி, சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் அழுதேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அழுதிருந்தால் மதாமுக்குப் பிடித்திருக்காது.

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் அவர் எங்கள் ஆள் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தார். அவர் புதுச்சேரிக் கத்தோலிக்கர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மருத்துவமனைகளில் தமிழ் நோயாளிகளுக்குச் சம்பளமில்லாமல் மொழிபெயர்க்கப் போனார். எங்கள் பிரெஞ்சை நடுத்தெருவில் நிறுத்தித் திருத்துவார். எங்கள் கறியில் உறைப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிடுவார். பிடிவாதக்காரி. அவர் கடைக்குள் வந்தால் நான் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

2009இல் போர் முடிந்த பிறகு ஊரிலிருந்து நிறையப் பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மொழிபெயர்க்க மதாமை ஓர் உளவியலாளரின் அறைக்கு அழைத்திருந்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று உளவியலாளர் கேட்டார். அந்த மனிதர் தரையைப் பார்த்தபடி, "ஒரே யோசனையாக் கிடக்கு" என்றார். மதாம் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார், அதாவது புதுச்சேரி அர்த்தத்தில். அவர்கள் ஊரில் யோசனை என்றால் திட்டம், நல்லதொரு எண்ணம், 'எனக்கு ஒரு யோசனை' என்பார்களே, அது. எங்களுக்கு யோசனை என்றால் நித்திரையைக் கெடுத்து, சாப்பாட்டைத் தொண்டையில் நிறுத்தி, ஆளை அரிக்கிற கவலை. இவருக்குத் தலை நிறையத் திட்டங்கள் இருக்கின்றன என்று கேட்ட உளவியலாளர் மகிழ்ந்துபோய், இனி வரத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

சில வாரங்களில் அந்த மனிதரை அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பிழைத்துக்கொண்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது லா கூர்னெவ் புறநகரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். மதாம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "யோசனைன்னா உங்க ஊர்ல என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன பதிலை மதாம் என்னிடம் திருப்பிச் சொன்னபோது யாழ்ப்பாணத்து உச்சரிப்பையும் சேர்த்தே சொன்னார்: "அது வந்து மதாம், கவலை எண்டா ஒரு காரணம் இருக்கும். யோசனைக்குக் காரணம் சொல்லேலாது. மண்டைக்குள்ளை ஓடிக்கொண்டே இருக்கும்."

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாலு யாழ்ப்பாணச் சொற்களைப் படித்துக்கொண்டு, அதே வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். மதாம் அப்படிச் செய்யவில்லை. "நடுவுல ஆள் இருக்கறதே தப்பு, மியூசியே. மூணு பேர் உக்காந்தா அது கூட்டம். ரெண்டு பேர் உக்காந்தாத்தான் மனசு விட்டுப் பேச முடியும்" என்றார். எதிரே உட்காரும் உளவியலாளரே எங்கள் வீட்டுத் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய அக்காவின் மகள் ஒரு செய்தி சொல்லியிருந்தாள். அங்கே பூர்வகுடி மாணவர்கள் உளவியல் படித்துத் தங்கள் மக்களுக்கே உதவும்படி பல்கலைக்கழகங்கள் தனியாக உதவித்தொகை கொடுக்கின்றனவாம். அதைப்போல இங்கே நாமும் ஆண்டுக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைப்போம் என்று நாங்கள் நடத்தும் தமிழ்ச் சங்கத்துக்கு வந்து கேட்டார்.

அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தின் மேல்மாடி. கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை, அதனால் எல்லோரும் கத்தினோம். "விசர்ப் படிப்புக்கோ எங்கடை காசு?" என்று ஒரு குரல். விசர் என்றால் பைத்தியம். உளவியலாளர் எங்களுக்கு விசர் டொக்டர். "மெடிசின் படிக்கிற பிள்ளைக்குக் குடுப்பம்" என்றது இன்னொரு குரல். மூன்றாமவர் எழுந்து, "பூர்வகுடிக்குக் குடுக்கினம் எண்டா அது அவையின்ரை நாடு. நாங்கள் வந்தேறுகுடியெல்லோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். மதாம் சிரிக்கவில்லை. "பூர்வகுடியோ வந்தேறுகுடியோ, டாக்டர் முன்னாடி உக்காந்தா ரெண்டு பேருக்கும் வாய் அடைச்சுக்குது" என்றார். பிறகு அந்த மனிதருக்குத் தான் செய்த தவறைப் பெயர் சொல்லாமல் விவரித்தார். ஒரே யோசனையாக் கிடக்கு என்ற வரி வந்தபோது யாரும் கத்தவில்லை. அந்த அறையில் அதைத் தன் வாயால் சொல்லாதவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். உதவித்தொகைத் தீர்மானம் நிறைவேறியது, எங்கள் வழக்கப்படி முணுமுணுப்புடன்.

விண்ணப்பிக்க ஆள் வரவேண்டுமே? அந்த ஆண்டு ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேரன்று மதாம் தெருவோரம் ஒரு மேசை போட்டு, உளவியல் உதவித்தொகை என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு நின்றார். ஒரு சனமும் கிட்டப் போகவில்லை. அந்த மேசைக்கு முன் நின்றதை நாலு பேர் கண்டால் வீட்டில் யாருக்கு விசர் என்று கேட்பார்களே. மதாம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மோர் கொண்டாங்க, நிறைய" என்றார். மோர் வந்ததும் கூட்டம் வந்தது. "மோர் குடிக்க வந்தோம்னு சொல்லிக்கலாம் பாருங்க" என்று என் காதருகே சொன்னார். அன்று மோர் குடிக்க வந்தவள்தான் அபிராமி.

அவள் இங்கே பிறந்தவள். தகப்பன் உணவகத்தில் சமையல் வேலை. தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில் வரும். நேர்முகத்தில் மதாம் அவளிடம் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வீட்ல அப்பா அம்மா உன்கிட்ட தமிழ்ல என்ன பேசுவாங்க?" என்று கேட்டார். அவள் நினைத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிடு, படி, படு" என்றாள். எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இந்த மூணு வார்த்தைய வச்சு ஒருத்தரோட துக்கத்தைக் கேக்க முடியாதும்மா" என்ற மதாம், உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமைகளில் லா சப்பல் கடைகளில் வேலைக்கு நிற்க வேண்டும், ஆட்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். என் கடையிலும் நின்றாள். ஊருக்குப் போகிறவர்களைவிட, போக முடியாதவர்கள் சும்மா விலை கேட்க வந்துவிட்டு அதிக நேரம் பேசுவார்கள் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

இடையில் படிப்பு நின்றுபோகப் பார்த்தது. கணக்கியலுக்கு மாறு என்று தகப்பன் ஒற்றைக்காலில் நின்றார். நான்தான் மதாமை லா கூர்னெவில் அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். "மதாம், ஆர் மாப்பிள்ளை தருவினம்? விசர் டொக்டர் எண்டெல்லோ சொல்லுவினம்" என்றார் தகப்பன், கண் கலங்கி. அவர் பயம் பொய்யான பயம் இல்லை. மதாம் தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "வர்ற மாப்பிள்ளை பைத்தியமா இல்லையான்னு அவளே பாத்துச் சொல்லிடுவா. உங்களுக்கு விசாரிக்கிற வேலை மிச்சம்" என்றார். தாய்தான் முதலில் சிரித்தார். தகப்பன் சிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அபிராமி அறை வாசலில் நின்றபடி, "ஜ கோந்தினு, பப்பா" என்றாள். பிறகு தமிழிலும் சொன்னாள்: "நான் தொடர்ந்து படிக்கப்போறன்." அந்த வாக்கியத்தை அவள் தமிழில் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை மதாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அபிராமி படித்து முடித்துப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குப் பிறகும் பிள்ளைகள் படித்தார்கள், ஒருவன் பாதியில் விட்டுவிட்டான், மதாம் அவனோடு ஒரு வருடம் பேசவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். மேசைக்கு மோர் இன்னும் தேவைப்படுகிறது.

அடக்கப் பூசைக்குத் தேவாலயம் நிறைய எங்கள் சனம். எப்போது எழுவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் முன்வரிசைப் புதுச்சேரிக்காரர்களைப் பார்த்து எழுந்து எழுந்து இருந்தோம். அதற்கு அடுத்த கிழமை, கடை பூட்டப்போகும் நேரத்தில் ஒருவர் வந்தார். அன்று மேல்மாடிக் கூட்டத்தில் கத்தியவர்களில் ஒருவர். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் மதாம் என்னை விடமாட்டார். சீட்டு விலை கேட்டார். வேறு மாதத்துக்கும் கேட்டார். பிறகு கதவை அவரே சாத்திவிட்டு, "அந்தப் பிள்ளையின்ரை நம்பர் உம்மட்டை இருக்கோ?" என்றார்.

"ஆருக்கு அண்ணை?"

"எனக்குத்தான்."

நான் அபிராமியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். போகவில்லை. வெளியே தெருவைப் பார்த்தபடி, "எங்கடை தமிழிலை கதைக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன். மதாமிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: ஒருவர் அப்படிக் கேட்டால் பொய்யில்லாமல் அந்த 'ஓம்' சொல்ல முடிகிறது.