ஏழரை போகட்டும் என்று காத்திருந்தவள்

ராயப்பேட்டை அஸ்மத்துன்னிசாவைத் தெரியாதவர்கள் அந்தக் கோர்ட் வராந்தாவில் கிடையாது. கஞ்சா கேஸ்களை மட்டும் விசாரிக்கிற கோர்ட் அது. அவள் மீது கேஸ் இல்லை. சாட்சியும் இல்லை, வக்கீல் குமாஸ்தாவும் இல்லை. தம்பிக்காக வந்தவள். தம்பியின் வாய்தா நாளில் மட்டும் வந்திருந்தால் யாரும் அவளைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவளோ வாய்தா இல்லாத நாளிலும் வந்தாள். கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஜட்ஜ் யாருக்கு எத்தனை வருஷம் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிழைப்புக்கு ஆரி வேலை. தி.நகர் கடைகள் கொடுக்கும் கல்யாண பிளவுஸ்களை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியால் கொத்திக் கொத்திப் பூ எடுப்பாள். புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பமாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. அவனைப் பற்றி யாராவது கேட்டால், "கீறாரு, எங்கியோ கீறாரு" என்று நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். பிள்ளை இல்லை. அம்மா இறந்தபோது பால்குடி மறக்காத தம்பி இனாயத்தை அவள்தான் வளர்த்தாள். ஆபா, ஆபா என்று அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவன், பெரியவனாகி ஆட்டோ ஓட்டினான், உம்மே ஹானியைக் கட்டினான், ஒரு பெண்குழந்தைக்கு அப்பனும் ஆனான். அப்போதும் ஆபா சொல்லாமல் புதுச் சட்டைகூட எடுக்க மாட்டான்.

ஆபாவைக் கேட்காமல் செய்தது ஒன்றே ஒன்றுதான். கூட்டாளி பிரபு ஒரு மத்தியானம் இரண்டு பையை ஆட்டோவில் ஏற்றினான். உள்ளே என்ன என்று தெரியாமலே தம்பி ஏற்றிக்கொண்டான் என்றுதான் அஸ்மத்து ஊரெல்லாம் சொன்னாள். தெரிந்தேதான் ஏற்றினான். அது அவளுக்கும் தெரியும். போலீஸ் மடக்கியதும் பிரபு குதித்து ஓடிவிட்டான். ஆட்டோவை விட்டு ஓட மனசில்லாமல் இனாயத் உட்கார்ந்தே இருந்தான். சில மாதம் புழல் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஓடிப்போன பிரபுவைப் பிறகு பிடித்தார்கள். அவன் கேஸைத் தனியாகப் பிரித்து, அவனை உள்ளேயே வைத்து நடத்தினார்கள். அதே கோர்ட், அதே ஜட்ஜ்.

அந்த அளவு கஞ்சாவுக்குச் சட்டம் சொல்வது பத்து வருஷம் வரைக்கும் என்று மட்டும்தான். ஒரு வருஷமும் போடலாம், ஒன்பதும் போடலாம். எல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர் கையில். இதைக் கேட்ட நாளிலிருந்து அஸ்மத்துக்குத் தூக்கம் போனது. ஒரே சரக்குக்கு ஒரு கடையில் ஒரு விலை, இன்னொரு கடையில் ஒரு விலை என்றால் விசாரித்துவிட்டுத்தானே வாங்குவோம்? அவளும் விசாரிக்க ஆரம்பித்தாள்.

விசாரித்த வரைக்கும் நல்ல சேதி இல்லை. அப்போதிருந்த ஜட்ஜுக்கு வராந்தாவில் வைத்திருந்த பெயர் ஏழரை. சனி பிடித்தால் விடாதே, அந்தக் கணக்கில். மூட்டை தூக்குகிற ஒருவனுக்கு அவர் எட்டு வருஷம் போட்டதை அவளே கண்ணால் பார்த்தாள். அழுதவனுக்கும் அவ்வளவுதான், அழாதவனுக்கும் அவ்வளவுதான். மே மாதம் அவருக்கு மாறுதல், அவர் இடத்துக்குத் தெற்கேயிருந்து ஒருவர் வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. வருகிறவர் சாது, பாவம் பார்ப்பவர், முடிந்தால் விட்டே விடுவார் என்றும் சொன்னார்கள்.

வக்கீல் ஸ்ரீகிருஷ்ணாவின் ஆபீஸ் மயிலாப்பூரில், அவர் வீட்டு முன்னறையிலேயே. சாயங்காலம் அங்கே போனபோது ஜூனியர் மாளவிகா கம்ப்யூட்டரில் இரண்டு ஜட்ஜுகளின் பழைய தீர்ப்புகளையும் தேடி எடுத்து வைத்திருந்தாள். அஸ்மத்து கேட்டுக்கொண்டதுதான்.

"ஊர்ல பேசிக்கறது சரிதான் அக்கா. ஒரே மாதிரி கேஸ்னா இவர் ஆறு, ஏழுன்னு போறார். வரப்போறவர் ரெண்டு, மூணோட நிறுத்திக்கறார். ஆனா இது மொத்தமா பார்த்தாதான். ஒவ்வொரு கேஸும் அப்படியேன்னு சொல்ல முடியாது."

முதல் பாதி மட்டும்தான் அஸ்மத்தின் காதில் விழுந்தது. பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உம்மே ஹானி மெல்லச் சொன்னாள்: "முடிச்சுடலாம் ஆபா. இன்னா வருதோ வரட்டும். அவரு சோறே துன்றதில்ல. கதவு தட்டுனா நடுங்கறாரு."

"நீ சும்மா இரு. அந்தாளு கைல தூக்கிக் குடுக்கச் சொல்றியா? ஏழரைம்மா அது. பல்லக் கடிச்சுக்கினு ரெண்டு மாசம் தள்ளினா போதும்."

ஸ்ரீகிருஷ்ணா கண்ணாடியைத் துடைத்தார். "வெறும் வாய்தா கேட்டா இனிமே தரமாட்டார்மா. வாதத்தை முடிங்கோன்னு சொல்லிண்டே இருக்கார். வழி ஒண்ணுதான். பிடிச்ச எஸ்.ஐ.யைத் திரும்பக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ணணும்னு மனு போடலாம். அவர் வேற ஸ்டேஷன் போயிட்டார். சம்மன் அனுப்பி, வந்து, சொல்லி முடிக்கறதுக்குள்ள மே வந்துடும்."

"சார், அவர் சாட்சியம் நமக்கு ஒண்ணும் மோசமா இல்லையே," என்றாள் மாளவிகா. "எந்த இடத்துல பிடிச்சார்னுகூட மொட்டையாதான் சொல்லியிருக்கார்."

"பெரிசா ஒண்ணும் கேக்கப் போறதில்லையே. நாள் கடத்தத்தானே," என்றவர் அஸ்மத்தைப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும்."

இனாயத்தும் அவளைத்தான் பார்த்தான். புதுச் சட்டைக்குக் கேட்கிற அதே முகம்.

"போடுங்க சார்," என்றாள்.

மனு போட்டார்கள். ஏழரை முறைத்துவிட்டு அனுமதித்தார். எஸ்.ஐ. இரண்டு முறை வரவில்லை. அஸ்மத்துக்கு அந்த இரண்டு நாளும் பண்டிகை. சம்சா வாங்கி வராந்தாவில் இருந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். மூன்றாம் முறை வந்தார். சும்மா ஏதாவது கேட்க வேண்டுமே என்று ஸ்ரீகிருஷ்ணா கேட்டார்: ஆட்டோ எங்கே நின்றது, நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்களுக்கு எப்படித் தெரிந்தது.

"ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல நின்னுச்சுங்க," என்றார் எஸ்.ஐ. "ஸ்கூல் விடற நேரம். பிள்ளைங்க வெளிய வந்துக்கிட்டிருந்தாங்க."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது என்பார்களே, அது இதுதான். முதல் தடவை அவர் சொல்லாமல் விட்டதை இவர்களே கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்கள். டைப்பிஸ்ட் அதைத் தட்டினாள். மாளவிகாவின் முகம் சுருங்கியது. அஸ்மத்து அப்போது பெஞ்ச் கிளார்க்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாய்தா ஜூன் என்று அவர் சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது. வெளியே வந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஜூன்டா," என்றாள்.

மாளவிகா அன்றைக்கு என்னவோ சொல்ல வந்தாள். அவள் வாயை அடைக்கிற மாதிரி அஸ்மத்து கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்பீங்க மேடம்" என்றாள். பாவம், அந்தப் பெண் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழரை போவதற்கு முந்தின வாரம் பிரபுவின் கேஸ் தீர்ப்புக்கு வந்தது. அவனுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல். அந்த மனிதர் வாய்தாவும் கேட்கவில்லை, மனுவும் போடவில்லை, சாட்சியைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் சரக்கு பிரபுவுடையது, ஓடிப்போனவனும் அவன்தான். எட்டோ ஒன்பதோ என்று அஸ்மத்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழரை மூன்று வருஷம் என்றார். இதுவரை உள்ளே இருந்ததையும் கழித்துக்கொள்ளலாம் என்றார்.

ஏன் மூன்று? யாருக்குத் தெரியும். ஊரை விட்டுப் போகிற மனநிலையோ, காலையில் காப்பி நன்றாக இருந்ததோ. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டிருப்பாள். அஸ்மத்து வைக்கவில்லை. அவள் மனசு அதற்கும் ஒரு கணக்கைப் போட்டது. வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஏழரையே பிரபுவுக்கு மூணுதான் குடுத்துகிது. வர்றவரு இவன இன்னா செய்யப் போறாரு? வூட்டுக்குப் போடான்னுடுவாரு."

அன்று இனாயத் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உம்மே ஹானி அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது ஜட்ஜ் வந்தார். சொன்னது பொய்யில்லை, சாதுதான். வயதான குற்றவாளியை உட்காரச் சொன்னார். கைக்குழந்தையோடு நின்றவளுக்கு ஒரு வருஷத்தோடு விட்டார். அஸ்மத்து இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து தம்பிக்குப் பாடம் நடத்தினாள். குற்றம் நிரூபணம் என்று சொன்ன பிறகு, தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்கிறாயா என்று ஜட்ஜ் கேட்பார். அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏழரையிடம் என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இவர் பிள்ளைகள் என்றால் இளகுகிறார். "உன் பொண்ண இந்த வருசம் ஸ்கூல்ல சேத்துகிறத சொல்லு. வேற ஒண்ணும் பேசாத," என்றாள். ஆரிச் சட்டத்தின் எதிரே அவனை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வைத்தாள்.

ஆகஸ்டில் தீர்ப்பு. மாற்றுத்துணி எடுத்து வைக்கட்டுமா என்று உம்மே ஹானி கேட்டதற்கு, அபசகுனமாகப் பேசாதே என்று அதட்டினாள் அஸ்மத்து. அதனால் அன்று அவன் கட்டின துணியோடு போனான்.

குற்றம் நிரூபணமாகிறது என்றார் ஜட்ஜ். அது எதிர்பார்த்ததுதான். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இனாயத்தைப் பார்த்து, நல்ல குரலில்தான் கேட்டார்: "தண்டனையப் பத்தி ஏதாவது சொல்றியாப்பா?"

இனாயத் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அஸ்மத்து தலையசைத்தாள்.

"எனக்கு ஒரே பொண்ணு ஐயா. இந்த வருசம்தான் ஸ்கூல்ல சேத்துகிறேன்."

ஜட்ஜ் கேஸ் கட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்திப் படித்தார். அந்த வரியை எஸ்.ஐ. சொன்ன நாளில் டைப்பிஸ்ட் தட்டிய சத்தம் அஸ்மத்துக்கு இப்போதுதான் கேட்டது.

"அது மாதிரி ஒரு ஸ்கூல் வாசல்லதானே ஆட்டோவ நிறுத்தியிருக்க? ஸ்கூல் விடற நேரத்துக்கு," என்றார். கோபமே இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. "உனக்கே குழந்தை இருக்கு. அப்பவும் தோணல இல்ல."

ஏழு வருஷம்.

வராந்தாவில் கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனபோது அழுதது அஸ்மத்து ஒருத்திதான். உம்மே ஹானி அழவில்லை. ஒரு வார்த்தை குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வாங்க ஆபா, பஸ் வந்துடும்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன் என்று அஸ்மத்து பிறகு பல பேரிடம் சொன்னாள்.

இப்போதும் ஆரிச் சட்டத்தின் முன் உட்காருகிறாள், வேலை ஓடுவதில்லை. அடையாறு வாடிக்கைக்காரி ஒருத்தி பிளவுஸில் பூ ஒரு பக்கமாக இழுக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். வராந்தாவில் பழகிய பெண்கள் போன் செய்கிறார்கள். எங்க கேஸு வந்துகிது, இந்த ஜட்ஜ் எப்டி அக்கா, முடிக்கலாமா, தள்ளலாமா என்று கேட்கிறார்கள். தெரியாதும்மா என்கிறாள். இவள் தம்பியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நமக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அவர்களில் சிலருக்குக் கோபம். அல்லாவே, இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா.

போன வாரம் புழலுக்கு மனு பார்க்கப் போனாள். கைதியை நேரில் பார்த்துப் பேசுவதற்கு அங்கே அப்படித்தான் பெயர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனாயத், இந்தப் பக்கம் அவள், நடுவே போன். அவன் இளைத்திருந்தான். பிரபுவும் அதே சிறைதான். சீக்கிரம் வெளியே போகிறானாம்.

"ஆபாவ கேட்டேன்னு சொல்ல சொன்னான்," என்றான் இனாயத். அதில் ஒரு பொருமலும் இல்லை. பிறகு கண்ணாடிக்கு அருகில் வந்தான். "மாளவிகா மேடம் வந்தாங்க. ஹைகோர்ட்ல அப்பீல் ரெடியாம். கேஸு முடியறவரைக்கும் வெளிய வுடச்சொல்லி மனு போடணுமாம். இப்ப கீற ஜட்ஜ் ரொம்ப கண்டிசனாம். பொங்கல் தாண்டினா மாத்திடுவாங்களாம், அப்ப வர்றவரு பரவால்லன்னு சார் சொல்றாராம்."

அஸ்மத்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவே போடச் சொல்லட்டுமா, பொங்கல் வரைக்கும் நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றான். "எனக்கு இன்னா தெரியும். ஜட்ஜுங்கள எல்லாம் பாத்தவ நீதான். நீ சொல்லு ஆபா, அப்டியே செஞ்சுடலாம்."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நேரம் முடிந்து லைன் கட் ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், ஆபா ஏதோ சொல்லிவிட்டாள் என்று நினைத்து, சரி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போனான்.