காது பிளம்பர் கேட்ட குரல்

குளியலறைச் சுவரில் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை அழுத்தி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் காது பிளம்பர். சுவரை உடைக்காமலே கசிவு எங்கே என்று சொல்லிவிடுவதால் வந்த பெயர். ஓடுகிற தண்ணீர் ஒரு மாதிரி கேட்கும், ஒழுகுகிற தண்ணீர் வேறு மாதிரி. ஒழுகுவதற்கு லேசாக மூச்சு வாங்கும்.

மனைவி இருந்தவரை இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. "செவுத்துக்குக் குடுக்கற காதுல பாதியை எனக்குக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதுகுக்குப் பின்னால் 'ம்ச்' என்று கேட்கும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, கூடவே கொஞ்சம் மூச்சையும் விடுகிற சத்தம். நல்லதோ கெட்டதோ, எதைச் சொல்வதற்கு முன்னாலும் அந்த அம்மாளுக்கு அது வந்தாக வேண்டும். இறந்து நாலு வருடம் ஆகிறது.

அந்தச் சத்தம் இப்போது சுவர் வழியாக வந்தது.

"ம்ச்... இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். தண்ணீர் சத்தம்தான். குழாயில் காற்று அடைத்தால் சில சமயம் பேச்சு மாதிரியே கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ம்ச்... மோட்டாரை நிறுத்தணுமா?"

குழாய்க் காற்று மோட்டாரைப் பற்றியெல்லாம் கேட்காது. எழுந்து கூடத்துக்கு வந்தார்.

வீட்டுக்காரம்மா ஒரு பள்ளிக்கூட டீச்சர். காலையில் கையசைத்துத்தான் குளியலறையைக் காட்டியிருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. மடியில் ஸ்லேட்டு அளவில் ஒரு கருவி. அதில் விரலால் எழுத்துகளைத் தட்டினார், கருவி பேசியது.

"ம்ச்... பயந்துட்டீங்களா? தொண்டையில ஆபரேஷன். குரல் போயிடுச்சு. ஆராய்ச்சிக் கூடத்துல இதைக் குடுத்தாங்க."

"இந்தக் குரல் யாரோடதும்மா?"

"ம்ச்... பேர் சொல்ல மாட்டாங்க. யாரோ ஒரு புண்ணியவதி."

ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். சனிக்கிழமை தவறாமல் மனைவி இரண்டு பஸ் மாறி அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்வந்தது நினைவுக்கு வந்தது. ரேடியோக் குரல்கள் வேண்டாம், வீட்டில் பேசுகிற சாதாரணக் குரல்கள்தான் வேண்டும் என்றார்களாம். பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார வைத்து, முதலில் எதையாவது படிக்கச் சொல்வார்கள். பிறகு சும்மா பேசச் சொல்வார்கள்.

"வீட்ல பேசறது பத்தலையா?" என்று ஒருமுறை கேட்டிருந்தார்.

"ம்ச்... அங்க கேக்க ஆள் இருக்கு. வாய் போனவங்களுக்கு இதை வெச்சு என்னவோ செய்யப்போறாங்களாம். என் வாய்க்கும் கிராக்கி வந்திருக்கு, பாருங்க."

அவள் போனதோடு அந்தப் பேச்சும் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்.

செல்போன் அடித்தது. மகள். ஈரக் கையால் காதருகே பிடிக்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

டீச்சர் செம்பைக் காட்டி ஏதோ தட்டினார். "ம்ச்... கொஞ்சம் தண்ணி குடிங்களேன்."

போனில் குரல் தணிந்தது. "யாருப்பா அது?"

"குழாய்ல காத்தும்மா."

"காத்து தண்ணி குடிக்கச் சொல்லுமாப்பா?"

அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"என் சம்சாரம்மா அது" என்றார்.

டீச்சர் போனைப் போட்ட பையைப் பார்த்தார்.

"போன்ல இல்ல. இப்ப நீங்க பேசறது."

டீச்சர் மடியில் இருந்த கருவியைக் குனிந்து பார்த்தார். பிறகு வேகவேகமாகத் தட்டினார்.

"ம்ச்... அப்ப இந்த ம்ச் அவங்களோடதா? நான் அதை எழுதறதே இல்ல. அதுவா சொல்லுது. டீச்சர் பேசறதுக்கு முன்னால வேற யாரோ சலிச்சுக்கறாங்கன்னு பசங்க பேசிக்கறாங்க. எங்கம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னேன். ம்ச்னு ஆரம்பிச்சா எந்த அம்மா நம்புவா? அழுதுட்டாங்க. நாளைக்கு ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து வந்து அதை எடுத்துடறாங்க. குரல் சுத்தமாயிடுமாம்."

சுத்தமான குரல் இருக்கும். பாடம் நடத்தும், கடையில் பேரம் பேசும், இன்னும் எத்தனையோ பேருக்கு வாயாக இருக்கும். அதற்குத்தான் அவள் பஸ் ஏறிப் போனாள். ஆனால் அந்தச் சுத்தமான குரல் யாருடையதாகவும் இருக்கலாம். அவளுக்கே அவளுக்கென்று அதில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

"அதை மட்டும் எடுக்காம விடச் சொல்ல முடியுமாம்மா?"

டீச்சர் அவரைப் பார்த்தார். விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்து அவருக்குப் பழக்கமில்லை. தலை தானாகக் கருவியின் பக்கம் சாய்ந்தது, சுவரில் காது வைக்கும்போது சாய்வதைப் போல.

"ம்ச்" என்றது கருவி.

இருவரும் விரலைப் பார்த்தார்கள். அது எதையும் தொடவில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைப்பது மாதிரி டீச்சர் அதை அவசரமாக மேசைமேல் வைத்தார். கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். குரலைக் காது பிளம்பரிடமே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.