தலைக்கு மேலே ஒரு சத்தம்

இன்சூரன்ஸ் ஆபீசில் சேத அறிக்கை எழுதிய காலத்திலேயே அவருக்குத் ‘துப்பறியும் சார்’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் லேசில் நம்பமாட்டார். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் அறிக்கை எழுதிப் பிழைக்கப் போவதாகச் சொன்னபோது, சூப்பர்வைசர் ஆபீசே கேட்கும்படி சிரித்தார்.

“வெளியில போனா உன்னை ஒரு நாயும் சீண்டாதுய்யா!”

ஆனால் முதல் மாதமே ஒரு வாடிக்கையாளர் தானாக வந்து சேர்ந்தார். கேட்ட கூலிக்குப் பேரமே பேசவில்லை. அதுதான் துப்பறியும் சாருக்கு இடித்தது. வந்த கோப்புகளிலெல்லாம் கம்பெனிப் பெயரை வேறு அழித்திருந்தார்கள். பேச்செல்லாம் மெசேஜில்தான்.

“மூஞ்சியே காட்டாத ஆளுக்கு மாடா உழைக்கிறீங்களே, ஏதாவது திருட்டு வேலையா இருக்கப் போகுதுங்க” என்று மனைவி பயமுறுத்தினாள்.

பொறுக்க முடியாமல் இன்று வற்புறுத்தி வீடியோ காலில் வரவழைத்தார். அந்தப் பக்கம் கேமரா அணைந்தே இருந்தது. எதைக் கேட்டாலும் “ம்” மட்டும்தான் பதில். மனைவி கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த ‘ம்’களுக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது. கடகட, கடகட, பிறகு ஒரு கிறீச். ஆபீசில் அவர் மேஜைக்கு நேர் மேலே வருஷக்கணக்காகச் சுற்றி உயிரை வாங்கிய ஃபேன்! மாற்றச் சொல்லிச் சொல்லி அவர் நாக்குதான் தேய்ந்தது. சூப்பர்வைசர் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

துப்பறியும் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சூப்பர்வைசர் சார், இப்ப என் சீட்டுல நீங்கதான் உக்காந்திருக்கீங்களா?”

அவசரமாக யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். ஃபேன் கிறீச்சிட்டு அடங்கியது.