ஏழாம் நம்பர் மலையில் ஆடிப்போன படம்

திங்கட்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை பஸ் புறப்பட்டது. தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். கட்டணம் நூற்று இருபது ரூபாய். ஒன்றரை மணி நேரம் என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் படமெடுக்க மன்னாரிலிருந்து கிளம்பி அது நான்காவது நாள். லொறியிலும் கோயில் மடத்திலும் படுத்ததில் கழுத்து ஒரு பக்கமாகத்தான் திரும்பியது. நல்லவேளையாக ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தது.

கெமராவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிஜிட்டல் கெமரா. அநுராதபுரத்தில் ஒரு வாய்க்காலில் விழுந்து எழுந்ததிலிருந்து அதன் படம்பிடிக்கும் வேகத்தை மாற்றும் சக்கரம் எட்டில் ஒரு செகண்டில் இறுகிவிட்டது. நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் அதைக் குறை சொல்லவில்லை. வெயிலில் எடுத்தால் படம் வெறும் வெள்ளைத்தாள். மூட்டத்தில் எடுத்தால் படம் வரும். ஆனால் அசையாமல் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். அசைவதெல்லாம் கரைந்துபோகும். ஒரு மனிதர் தும்மினால் மூன்று மனிதராகிவிடுவார்.

திக்கோயாவில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் புஷ்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறார். நோர்வுட் தாண்டும்வரை நான் ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, காட்டச் சொன்னார்.

“இது என்ன தம்பி, நீர்வீழ்ச்சியா?”

கோயில் என்றேன்.

“இது?”

அதுவும் அதே கோயில்தான், கொஞ்சம் தள்ளி.

புஷ்பம் அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புலி எடுப்பீங்களா?”

அந்தப் பக்கம் சிறுத்தையைத்தான் புலி என்பார்கள். விஷயம் இதுதான். அவர் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலை என்று ஒரு சரிவு. அங்கே தேயிலைச் சரிவு ஒவ்வொன்றையும் மலை என்றுதான் சொல்கிறார்கள். அதன் மேல்பாதியில் இரண்டு வருடமாகக் காடு மண்டிக் கிடக்கிறது.

“பாம்பா, பன்னியா, உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. போன மாசம் நம்ம ஆளுக ரெண்டு பேரு புலியப் பாத்திருக்காங்க. காட்ட வெட்டித் தாங்கன்னு கேட்டா, கண்டாக்கையா சாட்சி கேக்குறாரு. ‘போட்டோ காட்டு, மறுநாளே வெட்டுறேன்’ங்கிறாரு. புலியக் கண்டா ஓடுறதா, போனத் தேடுறதா? நாளைக்கு அங்கதான் கொழுந்து. மேல் நெரை என்னோடது.”

கண்டாக்கு என்பவர் மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கும் தோட்ட உத்தியோகத்தர். அவர் சொன்னால்தான் கத்தி எடுப்பார்கள்.

என் கெமராவுக்குப் புலி நின்று கொடுத்தால்தான் உண்டு என்று விளக்கினேன். “வாங்க தம்பி, ரொட்டியாச்சும் சாப்பிடலாம்” என்றார். நான் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

பொகவந்தலாவை கடைவீதியில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. அவருடைய லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இரண்டு அறை, ஆறு பேர். எனக்குக் கோயில் மண்டபத்தில் இரண்டு உரச் சாக்கு கொடுத்தார்கள். ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்தினேன். ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் தாராளம். குளிருக்குச் சம்பல் உதவுமளவுக்குச் சாக்கு உதவவில்லை.

செவ்வாய் காலை ஆறரை. பெரட்டுக்களம், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். மூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியவில்லை. கண்டாக்கையா கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் மணி வந்தது. மணி அவருடைய நாய். செம்பட்டை நிறம், நீண்ட வால், எந்த நேரமும் தூக்கக் கலக்கம்.

“போட்டோக்காரர் வந்திருக்காராமே. புலிக்குச் சொல்லியாச்சா, எத்தன மணிக்கு வரணும்னு?”

ஆண்கள் பக்கமிருந்து பலத்த சிரிப்பு. புஷ்பம் அக்கா விடவில்லை.

“சொல்லியாச்சுங்க. ஐயா மேல வந்தாத்தான் அதுவும் வருமாம்.”

இந்தமுறை பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு. கண்டாக்கையா குடையை மறு கக்கத்துக்கு மாற்றினார். வந்தே ஆகவேண்டியதாயிற்று.

ஏழரைக்கு மலை. பதினெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு நிரையில் நின்றார்கள். மேலே, காட்டை ஒட்டிய நிரையில் புஷ்பம் அக்கா. நான் கெமராவை ஒரு பாறையின் மேல் வைத்து, கீழே கூழாங்கல் முட்டுக்கொடுத்தேன். என் கையை நம்புவதைவிடப் பாறையை நம்புவது மேல் என்பதுதான் படமெடுப்பதில் நான் கற்றுக்கொண்டது. கொழுந்து தொடங்குமுன் எல்லோரும் நிரைக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இவ்வளவு அடக்கமான கூட்டம் என் கெமராவுக்கு வாய்த்ததேயில்லை. அமுக்கினேன். அமுக்கிய பிறகு ஒரு கணம் யோசித்துத்தான் அது படம் எடுக்கும்.

அதே நொடியில் பதினெட்டுத் தொண்டையும் சேர்ந்து, “பொலியோ பொலி!” என்றது.

முதல் கொழுந்தைக் கிள்ளும்போது அப்படிக் கூவுவது அங்கே வழக்கம். கூடை நிறையட்டும் என்பதற்காக. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. மணிக்கும் இத்தனை வருடத்தில் பழகவில்லை போலிருக்கிறது. புதருக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய், அடிபட்டதுபோல எழுந்து தேயிலைக்குக் குறுக்கே பாய்ந்து மறைந்தது. எல்லோருடைய கண்ணும் கொழுந்தில் இருந்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

படத்தைத் திறந்தேன். பெண்கள் பதினெட்டுப் பேரும் வண்ணப் புகையாக இருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஓர் ஆள் நீளத்துக்குச் செம்மஞ்சள் கோடு ஒன்று இழுபட்டிருந்தது. இடையிடையே தேயிலை இலைகள் குறுக்கிட்டதில் அதன்மேல் கரும்புள்ளிகள். கடைசியில் ஒரு வால்.

புஷ்பம் அக்கா கூடையோடு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு புதருக்கடியில் மணி படுத்திருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

“நீங்க வாயத் தொறக்காதீங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மலை முழுக்கக் கேட்கும்படி, “ஏ, போட்டோவுல புலி விழுந்திருச்சுடி!” என்றார்.

கூடைகள் இறங்கின. ஒருத்தி புள்ளிகளை எண்ணினாள். இன்னொருத்தி போன மாதம் தான் பார்த்ததும் இதே புலிதான், நடை தெரிகிறது என்றாள். கண்டாக்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்ததும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். மழை இல்லை.

“தல எங்க? தலயக் காணோமே?”

“ஐயா, ஓடுற புலி நின்னு தலயக் காட்டுமா?”

“சும்மா இரு புஷ்பம். தம்பி, பெருசாக்குங்க இத.”

பெரிதாக்கும் பொத்தானைக் காட்டினேன். அவரே அமுக்கினார். தலையைத் தேடி வலப்பக்கம் நகர்த்துவதற்குப் பதிலாக மேலே நகர்த்திவிட்டார். புலியும் போயிற்று, பெண்களும் போனார்கள். திரையில் வந்தது மூலையிலிருந்த ஒரு நிழல் மரம். மரம் அசையவில்லை, பாறையும் அசையவில்லை. அதனால் படத்தில் அது ஒன்றுதான் ஊசியால் வரைந்ததுபோல விழுந்திருந்தது. அதன் கிளையில், காட்டுக் கொடிகளுக்குள் பாதி மறைந்து, பானை அளவில் ஒன்று தொங்கியது.

ஒரு பெண் மூச்சுக்குள், “கொளவி” என்றாள்.

குளவிக்கூடு. மூட்டத்தில் யார் கண்ணிலும் படவில்லை. கொழுந்து எடுப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதுமில்லை. புஷ்பம் அக்காவின் நிரை அந்த மரத்தடிக்குத்தான் போகிறது. இன்னும் இருபது நிமிட வேலை. போன வருடம் பக்கத்து மலையில் குளவி கொட்டி அவருடைய கொழுந்தன் மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதைப் பிறகுதான் சொன்னார்கள்.

கண்டாக்கையாவைப் பற்றி இதை எழுதியே ஆகவேண்டும். கத்தவில்லை. குடையை மடக்கினார்.

“சத்தம் போடாதீங்க. ஓடாதீங்க. கீழ்ப் பக்கம் நிக்கிறவங்க மொதல்ல. எறங்குங்க.”

பதினெட்டுப் பேரும் கூடை உரசாமல் இறங்கினார்கள். கண்டாக்கையா கடைசியாக இறங்கினார். பாதி வழியில் மணி வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்து குரைக்க வாயைத் திறந்தது. புஷ்பம் அக்கா ஒரே எட்டில் அதன் வாயைப் பொத்தி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்.

கூட்டை அன்று பொழுது சாய்ந்ததும் எடுக்க ஆட்களுக்குச் சொன்னார்கள். காடு வெட்டப் புதன்கிழமை காலை பத்துக் கத்தி போயிற்று. நான் மண்டப வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது கண்டாக்கையா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, அது மணிதானே?”

ஆமாம் என்றேன்.

“நாய்க்குப் பயந்து கொடை விரிச்சேன்னு தெரிஞ்சா பொம்பளைக விடமாட்டாங்க. நீங்க சொல்லிறாதீங்க.”

அவர் போன ஐந்தாவது நிமிடம் புஷ்பம் அக்கா வந்தார். “கண்டாக்கையாவுக்கு இன்னும் புலின்னுதான் நெனப்பு. பாவம், சொல்லிறாதீங்க தம்பி.”

இரண்டு பேருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

கடைவீதி ஸ்டூடியோவில் படத்தைப் பிரதி போட்டுக் கொடுத்தேன். வியாழன் காலை விடைபெறப் போனபோது அது பெரட்டுக்கள அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. மூலையில் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டுக் “குளவி” என்று கண்டாக்கையாவின் கையெழுத்து. நடுவில் நீல மையில் இன்னொரு அம்புக்குறி, “புலி”. அது யாருடைய கையெழுத்து என்று அவர் விசாரிக்கவில்லை. மணி அதற்குக் கீழேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏழாம் நம்பர் மலை தலைமுடி வெட்டிய பிள்ளைபோல வெளிறித் தெரிந்தது. மேல் நிரையில் புஷ்பம் அக்கா நின்றார். இந்தமுறை பதினெட்டுப் பேரும் முதலில் அண்ணாந்து மரங்களைப் பார்த்தார்கள். பிறகுதான் பொலி கூவினார்கள். மன்னாரில் நாங்கள் கடலுக்குப் போகுமுன் வானத்தைப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

ஹட்டன் பஸ் ஒன்பதரைக்கு. முன் இருக்கையில் இடம் கிடைத்தது. சாரதி என் கழுத்தில் தொங்கிய கெமராவை இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். நோர்வுட் வரும்வரை பொறுத்தார்.

“அண்ணே, புலி எடுத்தது நீங்கதானா? ரெண்டு குட்டியோட வந்துச்சாமே?”

இரண்டு சத்தியங்கள் கைவசம் இருந்தன.

“இருந்திருக்கும் தம்பி. படம் கொஞ்சம் ஆடிருச்சு” என்றேன்.