ஏரிக்கரைப் பட்டறையின் கடைசிக் கார்

சிவதர்சினி கரண்டில் ஓடும் ட்ரொலிபஸ்களின் பட்டறையில் மோட்டார் திருத்துகிறவள். அவள் பிறந்த காலத்தில் போரினால் யாழ்ப்பாணத்தில் கரண்டே கிடையாது. தகப்பன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, அந்த டைனமோவில்தான் வீட்டில் ரேடியோ பாடியது. அப்படிப்பட்டவளை புலம்பெயர்ந்து வந்த ஏரிக்கரை நகரமான நொஷாட்டலின் பழங்கார்ச் சங்கத்தார் ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்கள். வாயில் ஈ நுழைவது தெரியாமல் நின்றாள்.

பெற்றோல் கார் இருமித் திணறிக்கொண்டிருந்த நாளிலேயே, இதே ஏரிக்கரையில் ஒரு சின்னப் பட்டறை பற்றரியில் ஓடும் கார் செய்து விற்றிருக்கிறது! டாக்டர்மார் வாங்கினார்கள், ஹோட்டல்காரர் வாங்கினார்கள். பிறகு பெற்றோல் மலிந்தது, பட்டறையை இழுத்து மூடினார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

"நான் பிறக்கேக்கயே எங்கட வீட்டில குப்பி விளக்குத்தான். இவங்கள் நூறு வருசத்துக்கு முன்னமே கரண்டில கார் ஓட்டியிருக்கிறாங்களப்பா!" என்று கணவன் குகநாதனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

எரிந்துபோயிருந்த மோட்டாருக்கு இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கம்பி சுற்றினாள். சங்கத் தலைவி மேடம் பெர்ரே கறாரான மனுஷி. "சோதனை நாளன்று ஓடாவிட்டால் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கூட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்போம்," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிவதர்சினிக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனை நாளன்று குகநாதன் பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்தான்.

"என்னப்பா செய்யிறீங்கள்? அது மியூசியச் சாமான்!"

"முதல் ஓட்டத்துக்குச் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்காமலோ? நீர் சும்மா இரும்."

மேடம் பெர்ரே புருவத்தை உயர்த்தினாரே தவிர, தடுக்கவில்லை.

சிவதர்சினி ஏறி உட்கார்ந்து, பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினாள். உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

சளக்!

தேசிக்காய் நசுங்கிய சத்தம். கண்ணைத் திறந்தால் கொட்டகைச் சுவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. கடவுளே, இது ஓடுகிறது! அரவமே இல்லாமல், ஏதோ தண்ணீரில் போவதைப் போல வாசலைக் கடந்து ஏரிக்கரை வெயிலுக்குள் இறங்கிவிட்டது.

கறாரான மேடம் பெர்ரே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பக்கத்தில் ஓடிவந்தார், முகமெல்லாம் கண்ணீர்.

"நிறுத்தாதே! போ, போ!"



"இஞ்ச பாருங்கோ," என்று சிவதர்சினி குகநாதனைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள், "எனக்கு நிப்பாட்ட மனசே வரேல்லையப்பா!"